அம்மா சும்மா உட்கார வேண்டிய ஒரு நிமிடம்

அன்றைக்கு இருந்தவர்கள் நான், அம்மா, எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியின்மேல் ஒரு புறா. வராதவர்கள் கேமராக்காரன், ஒலிப்பதிவுக்காரன், கதாநாயகி, கதாநாயகியின் அம்மா. புறாவைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கூப்பிடாமலே வந்து கடைசிவரை இருந்த ஒரே வெளியாள் அதுதான்.

வராதவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வந்தவர்களைவிட அவர்களால்தான் எனக்கு வேலை அதிகம்.

கேமராக்காரனும் நானும் டெல்லியில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு கூட்டத்தோடு சேர்ந்துவிட்டான். டெல்லியில் நவம்பர் வந்துவிட்டால் கல்யாணம் இல்லாத தெரு கிடையாது. முதலில் குறித்திருந்த படப்பிடிப்புக்கு முந்தின நாள் போன் செய்தேன்.

“டேய், இன்னிக்கி ராத்திரி ஒரு ஷாதி, நாளைக்குப் பகல்ல தூங்கணும், நாளன்னிக்கி வேற ஒரு ஷாதி. நீ ஏன்டா சீசன்ல போயி படம் எடுக்கற?”

“நீ குடுத்த தேதிதான்டா இது.”

“அப்ப சீசன்னு ஞாபகம் இல்லடா.”

ஒலிப்பதிவுக்காரனும் கேம்ப் பையன்தான். கேம்ப்பை இடித்தபோது அவர்கள் வீட்டுக்கு நரேலாவில் ஃபிளாட் கிடைத்தது. எங்களுக்குக் கிடைக்கவில்லை. நாங்கள் போகல் என்ற பகுதியில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை எடுத்தோம், அம்மா வேலை செய்யும் வீடுகளுக்கு நடந்து போகலாம் என்பதற்காக. முன்பெல்லாம் அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் கதவைத் திறந்து கத்தினால் போதும். இப்போது டெல்லியின் ஒரு மூலையில் அவன், இன்னொரு மூலையில் நான். நடுவில் ஒரு முழு ஊர் கிடக்கிறது. அவனிடம் ஒரு நல்ல மைக் இருந்தது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு வாங்கியது.

“நீ வரலன்னா பரவால்ல, மைக்கையாவது அனுப்புடா.”

“மைக்கு தனியா பஸ் ஏறி வருமா?”

“நீ ஏத்திக்கிட்டு வா.”

“அதான்டா சொல்றன். எனக்கு வர முடிஞ்சா மைக்கும் வரும்.”

இந்தப் பதிலில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

கதாநாயகி ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் பெண். ஒரு பொங்கல் விழாவில் அவள் மேடையில் பேசியதைப் பார்த்துப் போய்க் கேட்டேன். அவளுக்கு ஆசைதான். தமிழ் படிக்க வராது என்று சொன்னதால் வசனம் முழுவதையும் ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அவள் அம்மா பேசினார்.

“கதை நன்னாருக்குப்பா. ஆனா அந்தப் பொண்ணு ஏன் வீட்டுவேலை செய்யறவளா இருக்கணும்? டீச்சரா மாத்தலாமோ?”

“டீச்சர் எதுக்கும்மா அஞ்சு வீட்டுல பாத்திரம் தேய்க்கப் போறாங்க?”

“அதையும் மாத்திடேன்.”

பிறகு அவரே, “செமஸ்டர் எக்ஸாம் வேற வர்றது, அடுத்த வருஷம் பாக்கலாம்ப்பா” என்று முடித்துவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். எனக்கு வாய்க்கிறவர்கள் எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். யாராவது ஒருவர் திட்டிவிட்டுப் போயிருந்தால் அந்தக் கோபத்திலாவது ஒரு படம் முடிந்திருக்கும்.

முடியாத படங்கள் என்னிடம் நான்கு இருந்தன. எல்லாமே போனில் பாதியாகக் கிடந்தன. ஒன்றில் கதாநாயகன் திடீரென்று மொட்டைத் தலையோடு வந்து நின்றான். தங்கைக்குக் காய்ச்சல் சரியாக வேண்டிக்கொண்டதாம். “தொடர்ச்சி போச்சேடா” என்று நான் தலையில் அடித்துக்கொண்டபோது, “முருகன்கிட்ட போயி ஷூட்டிங் முடியட்டும்னு சொல்ல முடியுமா?” என்று கேட்டான். இன்னொன்றில் வில்லன் கல்யாணம் செய்துகொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டான். மற்ற இரண்டையும் பற்றிப் பேச எனக்கே அலுப்பு.

தனியாகவே படம் எடுக்கலாம் என்று போனில் வகுப்பு எடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு போன் போதும், மனசு இருந்தால் போதும் என்பார்கள். மனசு தளர்ந்த நாட்களில் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள்தான் கவனித்தேன். “யாரையும் எதிர்பார்க்காதே” என்று சொல்லிக்கொண்டு அவர்களில் ஒருவர் நடந்து வருகிறார், கேமரா அவருக்கு முன்னாலேயே பின்வாங்கிப் போகிறது. அதைத் தூக்கிக்கொண்டு போவது யார்? முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் விழுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார்? அன்றோடு அவரைப் பார்ப்பதை விட்டேன்.

அப்பா சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகையில் தோட்டவேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டு வகுப்பு, அப்புறம் தபாலில் பி.ஏ. அந்த பி.ஏ.வை அப்பா தன் மேனேஜரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாரோ தெரியாது. ஒருநாள் மேனேஜர், வரவேற்பு மேஜையில் ஆள் தேவை, பையனை அனுப்பு என்று சொல்லிவிட்டார்.

“உக்காந்து செய்யற வேலடா” என்றார் அப்பா. அதை அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. “வர்றவங்க பேர எழுதணும், சாவி குடுக்கணும். குளிர் காலத்துல ஹீட்டர். நான் வெளிய செடிக்குத் தண்ணி ஊத்துவன், நீ கண்ணாடிக்கு உள்ள உக்காந்திருப்ப.”

நான் படம் என்றேன். அப்பா சத்தம் போடவில்லை.

“எத்தினி வருசமா படம்னு சொல்ற. ஒண்ணு முடிச்சிருக்கியா?”

“ஆள் இல்லப்பா.”

“ஆள் இல்லாத வேலைய எதுக்குடா எடுத்த? சரி. இந்த மாசம் முடியறதுக்குள்ள ஒரே ஒரு படம் முடிச்சிக் காட்டு. நான் வாயத் தொறக்கமாட்டன், மேனேஜர்கிட்ட நானே வேணாம்னு சொல்லிடறன். முடிக்கலன்னா ஒண்ணாந்தேதி என்னோட பஸ் ஏறு. செலவு இன்னா ஆவும்?”

“ஒண்ணும் ஆவாது. போன்லயே எடுக்கறன்.”

“பேச்சுன்னா பேச்சு” என்றார் அப்பா.

எனக்கு அது சரியான பேச்சாகத்தான் பட்டது. ஒரு படம். ஆறு நிமிடம். முடித்துவிட்டால் எனக்கே என்மேல் ஒரு நம்பிக்கை வரும். என்றைக்காவது மேஜைக்குப் பின்னால் உட்கார நேர்ந்தாலும், முடிக்க முடியாதவன் என்ற பேர் என்னோடு வந்து உட்காராது. அதன் பிறகுதான் மேலே சொன்ன மூவரும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

ஆள் போகப் போகக் கதையை வெட்டினேன். வசனம் பேச ஆள் இல்லை, வசனம் போயிற்று. இளம்பெண் இல்லை, வயதானவளாக மாற்றினேன். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: ஒரு பெண் நாள் முழுக்க வெவ்வேறு வீடுகளில் வேலை செய்கிறாள். தன் அறைக்கு வருகிறாள். கட்டிலில் உட்கார்கிறாள். ஒரு நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருக்கிறாள். அவ்வளவுதான் படம்.

நடிப்பதற்கு அம்மாதான் இருந்தாள்.

வேலைக் காட்சிகளில் ஒரு தொந்தரவும் இல்லை. எங்கள் அறையிலேயே, மாடிப்படியிலேயே, பொதுக் குழாயிலேயே எடுத்தேன். தேய், பெருக்கு, பிழி என்றால் போதும். தொந்தரவு அவளை நிறுத்துவதில்தான். தேய்த்த பாத்திரத்தையே இன்னொரு கோணத்தில் எடுக்க வேண்டும், திரும்ப அழுக்காக்கும்மா என்றால் கேட்கமாட்டாள். “வெளக்கின பாத்திரத்துல போயி எவளாவது சாம்பல அப்புவாளா?” என்பாள். கடைசியில் நானே போய் அப்பிவிட்டு, கை கழுவிவிட்டு, ஓடிவந்து போனை அழுத்தி, திரும்ப ஓடிப்போய் இன்னொரு போனை மைக்காக அவள் பக்கத்தில் ஒளித்துவைத்து, நானே கை தட்டி, நானே ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்குள் அவள் பாதிப் பாத்திரத்தைத் தேய்த்து முடித்திருப்பாள்.

“கட்! கட்!” என்று கத்துவேன்.

அவள் சுற்றுமுற்றும் பார்ப்பாள். “யாருக்குடா கட்டு சொல்ற? இங்க யாரு இருக்காங்க?”



மிச்சம் அந்தக் கடைசி நிமிடம் மட்டும்தான். அதற்கு எனக்கு வெயில் வேண்டும். குளிர்காலத்தில் எங்கள் அறைக்கு வெயில் வருவது காலை பத்து மணி வாக்கில்தான். தண்ணீர்த் தொட்டிக்கும் பக்கத்துக் கட்டடச் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாக வந்து, கட்டிலின் ஒரு பக்கத்தில் மட்டும் விழும். அரை மணி நேரம் இருக்கும். பிறகு சுவரேறிப் போய்விடும். அந்த வெளிச்சத்தில் எங்கள் அறைகூட யாரோ யோசித்துக் கட்டிய அறைபோல இருக்கும்.

ஆனால் பத்து மணிக்கு அம்மா ஜங்புராவில் ஒரு பெரிய வீட்டில் இருப்பாள். அவள் செய்யும் வீடுகளில் அதுதான் பெரியது, பழையதும்கூட. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. கேம்ப் இடிந்த வாரத்தில்கூட அந்த வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வந்தாள்.

“லைட்டு போட்டு எடுத்துக்கயேன். ராத்திரி எடு” என்றாள்.

“டியூப்லைட்டுல எடுத்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்மா. வெயில்தான் வேணும்.”

“வெயிலு எல்லாருக்கும் பொதுதான? சாயங்கால வெயிலு ஆவாதா?”

“சாயங்காலம் நம்ம ரூமுக்கு எங்க வருது?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தாமதமாக வருகிறேன் என்று அந்த வீட்டு மேடத்திடம் சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு இருந்தவர்கள்தான் நான், அம்மா, புறா.

கட்டிலில் வெயில் விழுந்தது. அம்மா எங்கே உட்கார வேண்டும் என்பதற்குத் தலையணையை நிறுத்திவைத்து போனைச் சரிசெய்தேன். ஸ்டாண்டு ஆடாமல் இருக்க அதன் காலில் அரிசிப் பையைக் கட்டினேன். தலையணையை எடுத்துவிட்டு அம்மாவை உட்காரவைத்தேன்.

“ஒண்ணும் பண்ணாத. சும்மா உக்காரு. அவ்ளோதான்.”

உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம்தான். கை தானாகப் போய்ப் போர்வையில் நீட்டிக்கொண்டிருந்த நூலை இழுக்க ஆரம்பித்தது.

“கட்! ஏம்மா நூல இழுக்கற?”

“பிரிஞ்சிருக்குதுடா.”

போர்வையை எடுத்துவிட்டேன். இந்த முறை முந்தானையால் கட்டில் சட்டத்தைத் துடைத்தாள். அடுத்த முறை எழுந்தே போய்விட்டாள், குழாய் சொட்டுகிறதாம். குழாயின் வாயில் துணியைச் சுற்றினேன். திரும்பிவந்து பார்த்தால் அவள் என் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“ம்மா! ஒரு நிமிசம்! ஒரே ஒரு நிமிசம் கைய வெச்சிக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா உன்னால?”

“எதுக்குடா சும்மா இருக்கணும்? சும்மா உக்காந்திருக்கறத எவனாவது படம் புடிப்பானா? ஊர்ல உங்க சித்தி பாத்தா இன்னா சொல்லுவா? டெல்லிக்குப் போயி ராணி மாதிரி உக்காந்துகினு இருக்கா, இவளுக்கு இன்னா கஷ்டம்னு சொல்லமாட்டா?”

“இது நடிப்பும்மா.”

“நடிப்புன்னா வேல செய்யற மாதிரி நடிக்கறன்.”

“அதான் தெனமும் செய்யறியே!”

“அதனாலதான் நல்லா வரும்.”

வெயில் சுவரேறிவிட்டது. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். நான் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கேம்ப்புக்கு புல்டோசர் வந்த அன்று சந்தில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றபோது, அவள் எங்கள் கதவுச் சட்டத்திலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஆணிகளில்தான் இப்போது எங்கள் துணிக்கயிறு கட்டியிருக்கிறது. இதெல்லாம் அன்று எனக்குப் பெருமையாகப் படவில்லை. கதாநாயகிக்குக் கொஞ்சமாவது சோம்பேறித்தனம் இருக்கக் கூடாதா என்றுதான் பட்டது.

அடுத்த ஞாயிறு விட்டால் மாசம் முடிந்துவிடும். இரண்டாம் முறையும் தாமதம் என்று சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். வயிற்றுவலி, இன்றைக்கு வரவில்லை என்று மேடத்துக்கு போன் செய்துவிட்டாள். பொய் சொல்லும்போது நிஜமாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசினாள். நடிக்கத் தெரியாது என்று யார் சொன்னது?

இந்த முறை நான் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அம்மாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு பொருளும் இல்லாமல் போலீஸ் சோதனை மாதிரி அறையைக் காலி செய்தேன். துணி, சீப்பு, விளக்குமாறு, அப்பாவின் பீடிக்கட்டு, எல்லாம் வெளியே மாடிப்படியில். வழுவழுவென்று வெறும் கட்டில். போனை அழுத்திவிட்டு மூச்சு விடாமல் திரையையே பார்த்தேன். அம்மா உட்கார்ந்திருந்தாள். வெயில் கன்னத்தில் விழுந்தது. கை மடியில் இருந்தது. அடேயப்பா, வந்துவிட்டது, வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மடியில் ஏதோ உருண்டது. பூண்டு.

முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருக்கிறாள். நகத்தால் கீறி, தோலை உரித்து, ஒவ்வொரு பல்லாக மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நான் போட்ட சத்தத்தில் கீழ்மாடிக்காரர் படியேறி வந்து, “க்யா ஹுவா பேட்டா?” என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை, படம் எடுக்கிறோம் என்றேன். அறையை எட்டிப் பார்த்தார். கட்டிலில் ஒரு பெண் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். “அச்சா அச்சா” என்று இறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் கோபத்தில் எடுத்தது. ஒன்றும் தேறவில்லை. என் கோபத்தைப் பார்த்து அம்மா விறைத்துப்போய் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருவதுபோல உட்கார்ந்தாள். வெயில் போய்விட்டது. ஐந்தாவது படமும் பாதியில் நின்றது. வரவேற்பு மேஜை, சாவிக்கொத்து, கண்ணாடி எல்லாம் கண்ணில் வந்து போயின.

அம்மா என்னைச் சமாதானம் செய்யத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “எடுத்ததக் காட்டுடா” என்றாள். காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் பூண்டு உரிக்கும் இடத்தில் நிறுத்தினாள்.

“இது நல்லாருக்குதுடா. இத நம்ம ஸ்டேட்டஸ்ல வெய்யி.”

“எதுக்கு?”

“உங்க சித்தி பாக்கட்டும். வேல செய்யற மாதிரிதான இருக்குது, ஒண்ணும் சொல்லமாட்டா. வெயிலும் நல்லா வுழுது.”

அந்தக் காட்சியிலிருந்து ஒரு படத்தைப் பிடித்து, அவள் போனை வாங்கி, வாட்ஸப்பில் நானே வைத்துக் கொடுத்தேன். ஒழியட்டும், எடுத்ததில் ஏதோ ஒன்றையாவது யாராவது பார்க்கட்டும் என்ற எரிச்சலில்தான் வைத்தேன். சித்தி உடனே பார்த்து இரண்டு கும்பிடு அனுப்பினாள். அம்மா அன்றைக்கு அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாளோ.

அந்த போனில் சித்தியின் நம்பர் மட்டுமா இருக்கிறது? அவள் வேலை செய்யும் எல்லா வீட்டு மேடங்களின் நம்பரும் இருக்கிறது. எனக்கும் அது தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை நான் அறையில் உட்கார்ந்து, போனில் இடம் வேண்டும் என்று தேறாத காட்சிகளை அழித்துக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டு முந்தின நாள் வைத்த இடத்திலேயே நின்றது. அதை எடுத்துவைக்கக்கூட மனசு வரவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா. அந்த நேரத்துக்கு அவள் வரமாட்டாள். வந்தாலும் கையில் ஏதாவது ஒரு பை இருக்கும். அன்றைக்குக் கை வெறுமையாக இருந்தது. நேராக வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

“இன்னாம்மா, சீக்கிரமா வந்துட்ட?”

“வேற ஆள் வெச்சிட்டாங்களாம்.”

“ஏன்?”

“மேடம் போட்டோ பாத்திருக்கறா. வயித்துவலின்னு சொன்னியே, லஹ்சுன் மட்டும் எப்டி உரிச்சன்னு கேக்கறா.”

“நீ இன்னா சொன்ன?”

“பூண்டு வயித்துக்கு நல்லதுன்னு சொன்னன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வாயோரத்தில் லேசாக வந்தது, அப்புறம் போய்விட்டது. முந்தின வார ஞாயிறு தாமதமாகப் போனது, இத்தனை வருஷம் செய்தது, எதையும் சொல்லவில்லை. இரண்டு கையும் மடியில் மல்லாந்து கிடந்தன. போர்வை நூல் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருந்தது. குழாய் சொட்டியது. அவள் பார்க்கவில்லை.

வெயில் வந்தது. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து வந்து, கட்டிலின் அந்தப் பக்கத்தில், அவள் தோளில், கன்னத்தில் விழுந்தது. ஸ்டாண்டு எதிரிலேயே இருந்தது. போன் என் கையில் இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை கெஞ்சிக் கூத்தாடியபோது வராதது இன்றைக்கு ஏன் வந்து நிற்க வேண்டும்? நான் அசையவில்லை.

“எடுக்கலியா?” என்றாள்.

“வேணாம்மா.”

“எடுடா. போயிடும். நேத்து இந்த வெளிச்சத்துக்குத்தான அந்தக் கத்து கத்தின.”

போனை ஸ்டாண்டில் மாட்டி அழுத்தினேன். கை தட்டவில்லை, ‘ஆக்‌ஷன்’ சொல்லவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை, போனையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். கீழே தெருவில் உருளைக்கிழங்குக்காரனின் ஒலிபெருக்கி ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனது. புறா வந்து உட்கார்ந்தது, போயிற்று. ஒரு நிமிடம் இவ்வளவு நீளமா என்று எனக்கே ஆகிவிட்டது. என்னாலேயே தாங்க முடியாமல் நிறுத்தப் போன நேரத்தில் அவள் தலையைத் திருப்பாமலே கேட்டாள்:

“போதுமா?”

அந்தக் குரலும் பதிவாகியிருக்கிறது. உருளைக்கிழங்கும் பதிவாகியிருக்கிறது. மைக் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. எதையும் வெட்டாமல் அப்படியே வைத்து மத்தியானத்துக்குள் படத்தைக் கோத்து முடித்தேன். எழுத்துப் போட்டேன். எல்லா இடத்திலும் என் ஒருவன் பேரே வருவது பார்க்கச் சகிக்கவில்லை. எடுத்துவிட்டேன். நடிப்பு என்ற இடத்தில் மட்டும் ‘அம்மா’ என்று விட்டுவைத்தேன்.

சாயங்காலம் அப்பா வந்ததும் போனைக் கொடுத்தேன். கை கழுவிக்கொண்டு வந்து, சுவரில் சாய்ந்து, முழுசாகப் பார்த்தார்.

“கடைசில ஒண்ணும் நடக்கலியே?”

“அதான் படமாம்” என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

அப்பா கடைசி இடத்தை மட்டும் இன்னொரு தடவை ஓடவிட்டார். “போதுமா” என்று அம்மாவின் குரல் வந்ததும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“சரி. முடிச்சிட்ட. பேச்சுன்னா பேச்சு. ஒண்ணாந்தேதி நீ வர வேணாம், மேனேஜர்கிட்ட நாளைக்கே சொல்லிடறன்.”

“சொல்லாதப்பா. நான் வர்றன்.”

“ஏன்டா? அதான் முடிச்சிட்டல்ல?”

ஸ்டாண்டின் காலில் கட்டியிருந்த அரிசிப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சு வேறு இறுகிக்கிடந்தது. அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“இன்னா ஆச்சி? செலவே ஆவாது, போன்லயே எடுக்கறன்னான். எவ்ளோ ஆச்சி?”

அம்மா மடியிலிருந்த பூண்டை உரிப்பதை நிறுத்தவில்லை.

“மாசம் நாலாயிரத்தி ஐநூறு.”